பன்னுக்கு மட்டும் மணி

அடுப்பக்காவிடம் நேரம் என்ன என்று கேட்டால் பதில் வராது. எந்தப் பாட்டு ஓடுகிறது என்று கேட்டால் வரும். கூடவே, "ரொட்டி இன்னும் வேகல, கொஞ்சம் சுத்திட்டு வாங்க" என்பதும் வரும். பேக்கரியின் பின்னறையில் அடுப்போடு அடுப்பாக நின்றே அவளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கடையின் வாடகைப் பத்திரத்தில் சும்மா கிடக்கிறது.

அந்த அடுப்பை வாங்கும்போது அதில் ஒரு மணி இருந்தது. நேரம் திருகி வைத்தால் கிணுகிணுவென்று அடிக்கும். யாரோ வைத்து ஓட்டித் தள்ளிய பழைய அடுப்பு. வந்த கொஞ்ச நாளிலேயே மணி ஊமையாகிவிட்டது. சுவரில் ஒரு கடிகாரம் மாட்டினாள். மாவு உள்ளே போய் முள் நின்றது. இன்னொன்று மாட்டினாள், அதுவும் நின்றது. அடுத்ததை வாங்கித் தருகிறேன் என்று மகள் வந்தபோது, "கடிகாரத்துக்கு மாவு ஊட்டவா நான் கடை வச்சிருக்கேன்? போடி" என்று சொல்லிவிட்டாள். மூக்கை நம்பலாம் என்றால், இத்தனை வருஷமாக மாவையே மூச்சாக இழுத்த மூக்கு. பக்கத்தில் துணி எரிந்தால்கூட யாராவது சொல்லித்தான் தெரியும். மிச்சம் இருந்தது காது. காதுக்கு ஒரு பாடகர் இருந்தார்.

மேல் பலகையில், மாவு படாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஸ்பீக்கர். அதில் சொருகிய பென் டிரைவில் அந்த ஒரே மனிதரின் பாட்டுகள். வரிசை மாறாது. மாற்ற யாருக்கும் தைரியமும் கிடையாது. ரயில் பாட்டு தொடங்கும்போது ரொட்டித் தட்டுகள் உள்ளே போகும். தாலாட்டு முடியும்போது வெளியே வரும். பிஸ்கட்டுக்கு இரண்டு குத்துப்பாட்டு போதும், அதற்கு மேல் விட்டால் கருகும். பன்னுக்கு மழைப்பாட்டில் ஆரம்பித்து வாசல் பாட்டில் முடிக்க வேண்டும்.

வாசல் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கதவு திறந்துதான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வா என்று ஒருவன் யாரையோ கூப்பிடுகிற பாட்டு. கடைசியில் அந்த 'வா'வை அவர் ஒரே மூச்சில் இழுப்பார். அவர் இழுக்கிற நேரத்தில் அடுப்பக்கா கையுறையை மாட்டி, இரும்புக் கதவைத் திறந்து, முதல் தட்டை மேஜையில் வைத்துவிடுவாள். "அவரு மூச்சு விடறதுக்குள்ள பன்னு வெளிய வந்துடுது" என்று மாவண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். மாவண்ணன் என்பவர் மாவு பிசைகிறவர். மாவு பிசைவதைவிட அதிகமாகப் பேசுகிறவர்.

பல வருஷங்களுக்கு முன்னால், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பையோடு அவள் வீட்டை விட்டு வந்த அன்று, பஸ் நிலையத்து டீக்கடையில் அந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டைக் கேட்டு எவளும் புருஷனை விட்டு வரமாட்டாள். அதற்குக் கை நீட்டுகிற புருஷன் வேண்டும், அவன் இருந்தான். ஆனால் வந்த பிறகு, திரும்பிப் போய்விடலாமா என்று பெஞ்சில் உட்கார்ந்து மருகிக்கொண்டிருந்தாளே, அப்போது அந்த 'வா' வந்தது. உலகத்தில் ஏதோ ஒரு வாசலில் ஒரு ஆம்பளை இப்படியும் கூப்பிடுவான் போலிருக்கிறது என்று நினைத்தாள். எழுந்து எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். அந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த உருப்படியான பொருள் என்று பார்த்தால் மகளும் அந்தக் குரலும்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதுதான் இல்லை. ஏதோ பாராட்டு விழாவாம். சால்வை போட்டார்கள், மைக்கைக் கொடுத்தார்கள். குடும்பம், பெண்கள், பொறுமை என்று ஆரம்பித்துப் போய்க்கொண்டே இருந்தவர், கடைசியில் சொன்னார்: "புருஷன் வீட்டை விட்டு வெளிய வந்த பொம்பளை, அப்புறம் எங்க போனாலும் வாடகைக்கு இருக்கறவதான்."

கூட்டம் கைதட்டியது. கைதட்டலோடு சேர்த்து அந்த வீடியோத் துண்டு ஊரில் இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் போனது.

முதலில் வந்தவர் பக்கத்துத் தையல்கடை அம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்க, முகத்தைத் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி வைத்துக்கொண்டு, அடுப்பறை வாசலில் நின்றார்.

"கேட்டதும் உங்களைத்தான் நினைச்சேன்."

"எதுக்கு?"

"இல்ல, அந்தப் பேச்சு. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும். நானா இருந்தா இனிமே அந்தாளு பாட்டைக் காதுல வாங்க மாட்டேன்."

"உங்களை ஒண்ணும் சொல்லலையே. நீங்க தாராளமா வாங்கலாம்" என்றாள் அடுப்பக்கா. தையல்கடை அம்மா ரஸ்க் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலத்துக்குள் அதே முகத்தோடு வேறு சிலரும் வந்து போனார்கள். திட்டு வாங்கியவள் அவள். ஆனால் அழுவதற்கும் ஆத்திரப்படுவதற்கும் ஊரே வரிசையில் நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

சரி, மாவண்ணனாவது ஆறுதலாக இருப்பாரா என்றால், அவர் வேறு மாதிரி.

"பாட்டைப் பாருங்கக்கா, ஆளைப் பாக்காதீங்க. சேத்துல தான் செந்தாமரை முளைக்குது. கலைஞன்னா அப்படித்தான் இருப்பான். அதெல்லாம் பெரிசா எடுத்துக்கக் கூடாது."

"அண்ணே, மாவு பிசையற ஆம்பளைங்க எல்லாம் வாடகைக்கு இருக்கறவங்கன்னு அவரு சொல்லியிருந்தா?"

"அது எப்படிச் சொல்லுவாரு? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"பிசைங்க" என்றாள்.

மகளுக்குப் பொறுமை கிடையாது. அம்மாவுக்குத் தப்பாத பிள்ளை. முன்னால் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக் கடையை ஓட்டுகிறவள். சிரிப்பு பின்னறைக்கு வரும்போது இருக்காது. அன்று கடை மூடும்வரை காத்திருந்து உள்ளே வந்து நின்றாள்.

"அம்மா, இனிமே அந்தக் குரல் இந்தக் கடையில கேக்கக் கூடாது."

"எந்தக் குரல்?"

"தெரியாத மாதிரி கேக்காத. உன்னை நாக்கு மேல பல்லு போட்டுப் பேசியிருக்கான். அவனைப் பாட விட்டு நீ பன்னு சுட்டுக்கிட்டு இருக்க."

"என்னையா பேசினாரு? என்னை அவருக்குத் தெரியுமா?"

"உன்னை மாதிரி இருக்கறவங்களை. என்னையும் சேத்துதான். நீ தூக்கிட்டு வந்தது யாரை?"

அடுப்பக்கா தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள்.

"பாட்டு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள் கடைசியில். "எழுதினவர் யாரோ, மெட்டுப் போட்டவர் யாரோ. அந்த மனுஷன் வந்து வாயைத் தொறந்தாரு, அவ்வளவுதானே."

"அந்த வாய்தான் இதையும் சொல்லியிருக்கு. சட்டியில இருந்தாதான் அகப்பையில வரும்."

"ஒருத்தர் செந்தாமரைங்கறாரு, நீ அகப்பைங்கற. பழமொழி சொன்னா பன்னு வேகுமா? போய்ப் படு."

"எனக்குப் பாட்டு கேக்கல அம்மா. அந்தக் குரல் வந்தாலே எனக்கு அந்தக் கைதட்டல்தான் கேக்குது" என்றாள் மகள். பிறகு, "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீயே முடிவு பண்ணிக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நல்ல நியாயம். பெற்றவள் முடிவு பண்ண வேண்டுமாம். அதற்கு அவளுக்கு ஒரு ராத்திரியாவது கொடுத்திருக்க வேண்டாமா? காலையில் வந்து ஸ்பீக்கரைப் போட்டால், தகரத்தைத் தட்டுகிற மாதிரி யாரோ ஒரு பொடியன் பாடுகிறான். அடுத்து இன்னொரு பொடியன். மகள் முந்திக்கொண்டு பென் டிரைவில் இருந்ததை அழித்துவிட்டு, ஊர்ப்பட்ட புதுப்பாட்டுகளை நிரப்பி வைத்திருந்தாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

வேறு யாராக இருந்தாலும் போனை எடுத்து நேரம் பார்த்திருப்பார்கள். அடுப்பக்காவுக்கு வந்தது கோபம். கோபம் வந்தால் அவள் சத்தம் போடமாட்டாள், சொன்னபடி கேட்பாள். அதுதான் ஆபத்து.

"அண்ணே, பன்னை உள்ள வைங்க. எப்பவும் எத்தனை பாட்டோ அத்தனை பாட்டு."

"அக்கா, இந்தப் பாட்டெல்லாம் பொசுக்குனு முடிஞ்சிடுது. சின்னச் சின்னப் பாட்டு."

"பாட்டுன்னா பாட்டுதானே. ஒருத்தன் போனா இன்னொருத்தன்னு கல்லாவுல இருக்கறவங்க முடிவு பண்ணியாச்சு. எண்ணுங்க."

மாவண்ணன் எண்ணினார். எண்ணிக்கை முடிந்ததும் தட்டுகளை எடுத்தார்கள். பன்கள் மேலே லேசாக நிறம் மாறி, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. மகள் அவசரமாக அடுக்கி, பள்ளிக்கூட கேன்டீனுக்கு அனுப்பிவிட்டாள். முதல் இடைவேளை முடிந்த கையோடு கேன்டீன்காரர் கூடையோடு திரும்பி வந்தார். கல்லா மேஜையில் ஒரு பன்னைப் பிய்த்து வைத்தார். நடுவில் பச்சை மாவு, விரலில் ஒட்டியது.

"பிள்ளைங்க இதை உருட்டிச் சுவத்துல அடிச்சு விளையாடுதுங்க. ஒட்டிக்குது. வேணும்னா வந்து பாருங்க" என்றார். அத்தனை வருஷத்தில் இந்தக் கடைப் பன் திரும்பி வந்ததே இல்லை.

மகள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுப்பறைக்குள் வந்தாள்.

"வேணும்னே பண்ணினியா?"

"நீ போட்டுக் குடுத்த பாட்டு. நான் எண்ணி எடுத்தேன்."

"அம்மா, இது பிடிவாதம்."

"ஆமா. உனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு நினைச்ச?"

மாவண்ணன் மாவுத் தொட்டிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து அடுப்பக்காவின் போன் மேஜையில் கிடந்து நடுங்கியது. மகள்தான் எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. தெரியாத எண். ஆனால் ஓரத்தில் இருந்த சின்னப் படத்தில் இருந்த முகம் தெரிந்த முகம்தான். கண்ணாடியில் பார்க்கும்போது மூக்கும் நெற்றியும் அப்படியே இருக்கிறதே என்று அவள் எரிச்சல்படுகிற முகம். அந்தப் பேச்சுத் துண்டை அனுப்பியிருந்தான் அவள் அப்பன். கீழே ஒரே ஒரு வரி: உன் ஆளே சொல்லிட்டார் பாத்தியா.

மகள் போனை நீட்டினாள். அடுப்பக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு, மாவுக் கையாலேயே போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்த வீட்ல ரேடியோவுல இந்தக் குரல் வந்தா உங்கப்பன் என்ன பண்ணுவான் தெரியுமா? அமத்திடுவான். கழுத்தறுக்கறான்னு சொல்லுவான். நான் கேக்கறேங்கறதுக்காகவே அமத்துவான். ஒரு பாட்டு முழுசாக் கேட்டதில்ல அங்க. இப்போ அவனுக்கு இவரைப் பிடிச்சிடுச்சு."

மகள் கூடையைக் கீழே வைத்தாள்.

"நான் அங்கிருந்து வரும்போது கட்டில் விட்டேன். பீரோ விட்டேன். எங்கம்மா குடுத்த பாத்திரம் அத்தனையும் விட்டேன். நான் வளர்த்த பூந்தொட்டியை விட்டேன். போகட்டும், நல்லா இருன்னு விட்டேன். இந்தப் பாட்டு ஒண்ணுதான் அவன் வேண்டாம்னு சொன்ன பொருள், அதனால நான் கொண்டுவர முடிஞ்சுது. இப்போ ஒரு மனுஷன் மேடை ஏறி உளறினாருன்னு அதையும் நான் விட்டுட்டு வரணுமா? விட்டா யாருக்குப் போகும்? உங்கப்பனுக்குப் போகும். அவன் சட்டமா உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு வாசல் பாட்டு கேப்பான். ஒரு தடவை வெளிய வந்தாச்சுடி. தடவைக்குத் தடவை நானே வெளிய வரணுமா?"

இவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. மாவண்ணன் பிசைவதை நிறுத்தியிருந்தார்.

"வாடகைக்கு இருக்கேனாம். இருக்கேன், யாரு இல்லேன்னது? மாசம் தவறாம வாடகை குடுக்கறேன். அந்த மனுஷன் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு நினைச்சியா? நேர்ல வந்தா இந்தப் பச்சைப் பன்னை வாயில அடைப்பேன். பாட வந்தவர் பாடிட்டுப் போகவேண்டியதுதானே. யாரு அவரைப் பேசச் சொன்னது?"

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு, பச்சைப் பன்களைக் கொட்ட வாளியைத் தேடினாள்.

மறுநாள் காலையில் பென் டிரைவில் பழைய வரிசை திரும்பியிருந்தது. மகள் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். ரயில் பாட்டில் ரொட்டி போனது, தாலாட்டில் வந்தது. மாவண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு பிசைந்தார். அடுப்பக்கா இடுப்பில் கை வைத்து நின்று கேட்டாள். குரலில் குறை ஒன்றும் இல்லை. பாழாய்ப்போன மனிதர், அத்தனை நன்றாகப் பாடியிருந்தார்.

மழைப்பாட்டில் பன்னை வைத்தாள். வாசல் பாட்டு தொடங்கியது. கதவு திறந்துதான் இருக்கிறது என்றார். எந்தக் கதவு, என்று கேட்டாள் அவள் மனதுக்குள். எப்போது வேண்டுமானாலும் வா என்றார். வந்தால் வாடகைக்காரி என்பாய், இல்லையா. அவர் பாடிக்கொண்டே போனார், அவள் கேட்டுக்கொண்டே போனாள். பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டாயே, அப்போதும் மனதுக்குள் இதுதானா இருந்தது? அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் வீட்டுக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறியிருப்பேனே. அவர் 'வா'வை இழுத்து முடித்து, மூச்சு வாங்கி, அதற்கு அடுத்த பாட்டில் பாதி தூரம் போன பிறகு மாவண்ணன் கத்தினார்.

"அக்கா, புகை."

தட்டு முழுக்கக் கரி. மகள் ஓடி வந்து பார்த்தாள்.

"அடுப்புல சூடு ஏறிப்போச்சு" என்றாள் அடுப்பக்கா. "பழைய அடுப்பு. என்ன பண்றது?"

மகள் அடுப்பைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கரிந்த தட்டைச் சுரண்ட உட்கார்ந்தாள்.

அன்று மத்தியானமே அடுப்பக்கா தெருமுனை பாத்திரக்கடைக்குப் போய், திருகி வைத்தால் அடிக்கிற ஒரு குட்டி மணியை வாங்கி வந்தாள். மாவு போகாமல் இருக்க அதற்கும் ஒரு பிளாஸ்டிக் தாள் சுற்றினாள். ரொட்டிக்குப் பழையபடி பாட்டுதான், பிஸ்கட்டுக்கும் பாட்டுதான். பன்னுக்கு மட்டும் மணி. மழைப்பாட்டு முடிகிற நேரம் அவள் போய், மாவு விரலால் ஸ்பீக்கரின் பொத்தானை அமுக்குவாள். வாசல் பாட்டைத் தாண்டி அடுத்தது வரும். தையல்கடை அம்மா ஒருநாள் ரஸ்க் வாங்க வந்தவர், அதென்ன பன்னுக்கு மட்டும் என்று கேட்டுத் தொலைத்தார்.

"அது வேற மாவு" என்றாள் அடுப்பக்கா. ரொட்டிக்கும் பன்னுக்கும் ஒரே மூட்டை மாவுதான் என்பது மாவண்ணனுக்குத் தெரியும். உலக அதிசயமாக அவர் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒருமுறை, மாவண்ணன் வராததால் அடுப்பக்காவே பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை இரண்டு கையும் தொட்டிக்குள். பன் அடுப்பில் இருந்தது. மழைப்பாட்டு முடிந்தது.

"ஏய், ஓடி வந்து அதைத் தாண்டி விடு" என்று கல்லாவைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

மகள் வந்தாள். பொத்தான் மேல் விரலை வைத்தவள் அமுக்கவில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டது. கதவு திறந்துதான் இருக்கிறது என்றார் அவர்.

"தாண்டுடி."

"ஓடட்டுமே அம்மா" என்றாள் மகள். "நான் அந்தக் கைதட்டலுக்குப் பழகிக்கறேன். பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

அடுப்பக்கா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பாட்டு ஒண்ணும் பண்ணல" என்றாள். "தாண்டு."

மகள் அமுக்கினாள். அடுத்த பாட்டு தொடங்கியது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது, அடுப்பக்கா பிசைந்துகொண்டே இருந்தாள்.